கலைமதிக்குக் காவல் இருந்த மாதம்

சில்வஸ்டர் என்கிற அந்த ஆளை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. குன்னூரில் நாடகம் போடுகிறவராம். நடிப்பதற்குக் காது கேட்காத பெண் வேண்டும் என்று எங்கள் ஊர் கட்டபெட்டு வரைக்கும் வந்துவிட்டார். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"காது கேக்கற பொண்ணுக ஊரெல்லாம் இருக்குதே, அவுங்கள நடிக்க வெக்கறதுதானுங்க?" என்றேன்.

"அவுங்க கேக்காத மாதிரி நடிச்சாப் பொய்யா இருக்குதுங்க. இது கலைமதி மாதிரி ஆளுக வேஷம். அவுங்கதான் போடோணும்."

நன்றாகத்தான் பேசினார். நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

கலைமதி என் தங்கை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. அம்மா போன பிறகு வளர்த்தது அக்கா நான்தான். காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். இப்போது இருபத்தொன்பது வயது. என்னோடு தேயிலை ஃபேக்டரியில் வேலை. இலையை உருட்டும் ரோலர் ஓடும்போது அங்கே யார் கத்தினாலும் கேட்காது, எல்லோருமே கையால்தான் பேசுவோம். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் மிஷினை நிறுத்து. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே கலைமதிதான். கேலி செய்யாமல் ஒருவரையும் விடமாட்டாள். வெளியே வந்துவிட்டால் ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி எங்கேயும் அவளுக்காகப் பேசுவது நான்.

நாடகமெல்லாம் வேண்டாம் என்றேன். அவள் மூன்று நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. பார்க்காதவளிடம் நான் எப்படிப் பேசுவது? நானும் கூட வருவேன் என்று சொல்லி விட்டுக்கொடுத்தேன்.

ஒரு மாதம் ஞாயிறுதோறும் குன்னூர் சர்ச் ஹாலில் ஒத்திகை. நான் கதவோரம் காவல். துண்டு துண்டாக நடித்துப் பார்த்ததில் கதை எனக்குப் பிடிபடவில்லை. சில்வஸ்டரும் அவளும் ஒரு நோட்டில் மாற்றி மாற்றி எழுதிக் காட்டிக்கொள்வார்கள். நான் எட்டிப் பார்த்தால் கலைமதி சட்டென்று மூடிவிடுவாள். அழவைத்து வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டப் போகிறாரா, இல்லை காதல் கீதல் என்று ஏதாவதா? எனக்குத் தூக்கமே போய்விட்டது. கடைசிக் காட்சி ஒத்திகைக்கு என்னை வெளியே போகச் சொன்னார்கள் பாருங்கள், அன்றைக்கு எனக்கு வந்த கோபம்!

"ஏனுங்க, எங்க புள்ளைய என்னதான் பண்றீங்க?"

"நாடகத்தன்னிக்கு வந்து பாருங்கக்கா" என்று சிரித்தார் சில்வஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே ஹாலில் நாடகம். முன்வரிசையெல்லாம் எங்கள் ஃபேக்டரி ஆட்கள். நடுவில் நான்.

நாடகத்தில் கலைமதிக்கு ஒரு அக்கா. கடைக்காரர் கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் அக்காவே முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். தங்கை பின்னால் நின்று கையால் வேறொரு பதில் சொல்கிறாள். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் வீட்டுக் கதையை நோட்டில் எழுதிக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசிக் காட்சியில் தங்கையைப் பெண் கேட்டு வந்தார்கள். "அவளுக்குப் புடிக்கலைங்க" என்று அனுப்பிவிட்டாள் மேடை அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் ஜெகதளாவிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் கலைமதியைக் கேட்டு வந்தார். காது கேட்காதவளை இவர் ஏன் தேடி வருகிறார் என்று அன்றைக்கும் சந்தேகம். இதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்பினேன். கலைமதி அப்போது வேலையில் இருந்தாள். அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

கலைமதி மேடையின் விளிம்புக்கு வந்தாள். ஃபேக்டரியில் பேசுகிற கையாலேயே எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்: "என்னைக் கேட்டாளா?"

பின்னால் இருந்த குன்னூர்க்காரர்கள் என்ன சொல்கிறாள் என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு நின்றுபோனது.

இப்போது என்னையே நேராகப் பார்த்தாள். "என்னைக் கேட்டாயா?"

எழுந்து நின்று, இல்லை என்று கையை அசைத்தேன்.

சரி, உட்கார் என்று கைகாட்டிவிட்டு, கலைமதி மிச்ச நாடகத்தை நடித்தாள்.