காது இரண்டும் தெரிய வேண்டும்

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு நெட் சென்டர் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதாரில் முகவரி மாற்றம் என்று வருடம் முழுக்கப் பிழைப்பு ஓடும். மாசி பிறந்தால் நீட் விண்ணப்பம். அந்த ஒரு மாதம் கடையில் உட்கார இடம் இருக்காது. பிள்ளைகள் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், நடுங்குவது அப்பாக்கள்தான். ஒவ்வொரு க்ளிக்குக்கும் "ஆயிடுச்சுங்களா" என்பார்கள். நான் சும்மா இருக்க மாட்டேன். "போட்டோவுல காது ரெண்டும் தெரியணுங்க. ஸ்டெதாஸ்கோப் மாட்ட எடம் இருக்குதான்னு அங்க பாப்பாங்க" என்று ஒரு போடு போடுவேன். காது தெரிய வேண்டும் என்பது விதிதான். மிச்சம் என் கைச்சரக்கு. அந்த அப்பா திரும்பி மகளின் காதை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார். பார்த்துத் திருப்தியும் அடைவார்.

இப்படி அடுத்தவர் பதற்றத்தில் குளிர்காய்ந்தவன், நாற்பத்தேழு வயதில், என் சொந்த நீட் விண்ணப்பத்தின் முன்னால் வியர்த்து உட்கார்ந்திருந்த கதையை எழுதத்தான் வேண்டும். வேறு யாராவது எழுதினால் இன்னும் மோசமாக இருக்கும்.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. விரும்பிப் படித்ததல்ல. பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்து, அந்தக் காலத்து நுழைவுத் தேர்வில் மருத்துவத்தின் பக்கத்தில்கூடப் போக முடியாமல், தர்மபுரியில் கல்லூரிச் சேர்க்கைக்குப் போனபோது எந்த வரிசை சின்னதோ அதில் நின்றேன். முனைக்குப் போன பிறகுதான் அது வரலாறு என்று தெரிந்தது. மூன்று வருடம் போர்களும் உடன்படிக்கைகளும் படித்தேன். எதுவும் என்னைக் கேட்டு நடக்கவில்லை.

நீட் தகுதிக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: மேல் வயது வரம்பு இல்லை. எத்தனையோ பேருக்காக அந்தப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். போன ஆவணியில் ஒரு நாள் அந்த வரி என்னை நிறுத்தியது. பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்தால் போதும். அதற்குப் பிறகு வரலாறு படித்தாயா, வாய் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

ஒரு மாணவன் எடைக்குப் போடச் சொல்லிவிட்டுப் போன வழிகாட்டி நூலை லேமினேஷன் தாள் கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, கூட்டமில்லாத மத்தியானங்களில் படித்தேன். படித்தேன் என்பது கௌரவமான சொல். ஒரு பக்கத்துக்கு மூன்று கொட்டாவி. கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து தெரியாது, போட்டால் தூக்கம் வரும். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் பரிசலைச் சுழற்றிக் காட்டும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதே சுழற்சி இயற்பியல் கணக்காக வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. ஆறு மாதத்தில் இதயத்துக்கு நான்கு அறைகள் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இதை வீட்டில் சொல்லவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் ஓசூரில் இருந்தது.

என் மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், விடுதியில் தங்கி. பன்னிரண்டாவதில் அவளும் உயிரியல்தான். முதல் தடவை நீட் எழுதி மதிப்பெண் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் படிக்கிறேன் என்று கேட்டாள். நான் அவளைக் கடைக்குக் கூட்டி வந்து, திரையில் பழைய கட் ஆஃப்களை வரிசையாகத் திறந்து, வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல விளக்கினேன். நடுவில் இரண்டு ஜோக்கும் அடித்தேன். ஒரு மணி நேரத்தில் "சரிப்பா" என்றாள். பி.காம். சேர்ந்தாள். வாதத்தில் நான் ஜெயித்தேன். என் மனைவி மட்டும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அந்த மகளுக்கு வேண்டாம் என்று சொன்னவன், தனக்குப் போடுவதை எந்த வாயால் சொல்வது?

மாதம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது என்ற சாக்கில் தள்ளிப்போட்டுக் கடைசி நாளுக்குக் கொண்டு வந்தேன். காலையில் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்தேன். முதலில் கைரேகை. பத்து விரலையும் நீல ஸ்டாம்ப் பேடில் அழுத்தித் தாளில் உருட்டி ஸ்கேன் செய்தேன். பிறகு என்னை நானே படம் எடுத்து, பின்னணியை வெள்ளையாக்கி, இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்த்தேன். காது தெரிந்தது. நடுவில் இருந்த முகம்தான் சகிக்கவில்லை. பதினோரு மணிக்குப் பதிவுப் பக்கத்தைத் திறந்து பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் என்று தட்டினேன்.

இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்று சிவப்பில் வந்தது.

சிரிப்பு வந்தது, பிறகு வியர்வை வந்தது. மலைமேல் ஒரு சிற்றூரிலிருந்து வந்த பெண்ணுக்கு நானே என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவள் அப்பா ஆடு ஓட்டிக்கொண்டு போகும் இடத்தில் டவர் எட்டாது. தகவல் எனக்கு வந்தால் பேருந்துக்காரரிடம் சொல்லி அனுப்பிவிடுவேன். இது என் பழக்கம். இரண்டாவது சிம் எண்ணைப் போட்டேன். அதிலும் ஒரு பெண் இருந்தாள். கடையின் எண்ணில் ஒரு பையன். மூன்று எண்ணிலும் மூன்று வருங்கால டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் சொந்தக் கடையில் எனக்கு இடமில்லை.

அப்பாக்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் யோசனையை எனக்குச் சொல்லிக்கொண்டேன்: தண்ணி குடிங்க. குடித்தேன். சொம்பெல்லாம் நீலமானதுதான் மிச்சம்.

டீக்கடைக்காரரின் எண்ணைக் கேட்கலாம். கேட்டால் பத்து நிமிடத்தில் பென்னாகரம் முழுக்க என்னை டாக்டர் என்று கூப்பிடும். மிச்சம் இருந்தது மனைவியின் எண் ஒன்றுதான். ஒகேனக்கல் சாலையில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் அவள் டீச்சர். எண்ணைப் போட்டு ஓடிபி அனுப்பச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். படி."

"வந்திருக்குதுங்க. யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குது."

"அது மத்தவங்களுக்கு. நான்தான கேக்கறேன்."

"புருசனே கேட்டாலும் சொல்லாதேன்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்னேன்தான். பக்கத்து ஊர் டீச்சர் ஒருவரை யாரோ போனில் ஏமாற்றிய பிறகு, ஒரு வாரம் இவளுக்கு வகுப்பு எடுத்தேன். அதோடு விட்டேனா? வேறு எண்ணிலிருந்து பேங்க் மேனேஜர் குரலில் கூப்பிட்டுப் பரீட்சையும் வைத்தேன். அவள் தேறினாள். நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

"போன தடவ மேனேஜர் குரலு. இந்தத் தடவ சொந்தக் குரலா? நல்லாத்தான் பண்றீங்க" என்று வைத்துவிட்டாள்.

ஓடிபி காலாவதியானது. மறுபடி அனுப்பினேன், மறுபடி கூப்பிட்டேன். பரீட்சை இல்லை, கஸ்டமர் ஒருத்தருக்கு அவசரம் என்றேன். கஸ்டமருக்குத் தன் நம்பர் எதற்கு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் தேடுவதற்குள் வைத்துவிட்டாள், இரண்டாவதும் காலாவதியானது. எழுந்து ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவளே கூப்பிட்டாள். மெசேஜை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். இரைச்சலை விட்டு வெளியே வந்து நின்று பேசினாள்.

"இதுல நீட்டுன்னு போட்டிருக்குதுங்களே. பாப்பாவுக்காங்க?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு இலக்கமும் அப்போதே வந்திருக்கும். வாய்வரைக்கும் வந்தது.

"எனக்கு" என்றேன்.

ஒரு குழந்தை முட்டை கேட்டது. "இரு சாமி" என்று அதற்குப் பதில் சொன்னாள். நான்தான் உளறினேன்: சும்மா, ஒரு முயற்சி, கெடைக்கப் போறதில்ல.

"அவளும் சும்மா ஒரு முயற்சின்னுதான கேட்டா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன்.

"மொதல்ல அவகிட்ட சொல்லுங்க. அவ சரின்னா நான் நம்பரச் சொல்றேன்."

மகளுக்குச் சாப்பாட்டு இடைவேளை வரும்வரை காத்திருந்தேன். சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒருவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே பார்த்து, என் பத்து விரலும் நீலமாக இருப்பதைக் கண்டு, "என்னங்க, எலக்சன் எதுனா வருதா?" என்றார். ஆமாங்க, பத்து ஓட்டுப் போட்டேன் என்று அனுப்பி வைத்தேன். பழக்க தோஷம். வாய் தானாகப் பேசியது.

நான் மத்தியானத்தில் கூப்பிடுகிறவன் இல்லை என்பதால், யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் மகள் முதலில் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைத்து, நடுவில் டீக்கடைக்காரரை எல்லாம் இழுத்து, கடைசியில் சொன்னேன். சிரித்தாள். தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"போன வருசம் நான் எழுதினேன்ப்பா."

ஒரு தகப்பன் இந்த இடத்தில் எதை எதையோ கேட்கலாம். என் வாயிலிருந்து வந்தது: "அப்ளிகேசன் எங்க போட்ட?"

"இங்கதான். ஓசூர்ல ஒரு கடையில."

"நம்ம கடை இருக்கறப்போ?"

"அங்க அவரு ஒண்ணும் கேக்கலப்பா. போட்டோ குடும்மான்னாரு. குடுத்தேன். அவ்ளோதான்."

மதிப்பெண்ணையும் அவளாகவே சொன்னாள். முதல் தடவையைவிடக் கூட. சீட்டுக்குப் போதாது. வாயைத் திறந்திருந்தால் கட் ஆஃப்தான் வந்திருக்கும். இந்த வருடம் போட்டாளா என்று மட்டும் கேட்டேன். இல்லை, யோசித்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். கடைசி நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான், தெரியும்ப்பா" என்றாள். பிறகு, "நீ போடுப்பா. அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்."

மூன்றாவது ஓடிபியை என் மனைவி ஒவ்வொரு எண்ணாக, இரண்டிரண்டு தடவை, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதுபோல வாசித்தாள். பெயர் ஏறியது, ரேகை ஏறியது, முகம் ஏறியது. இரண்டரை மணிக்கு உறுதிப்படுத்தல் தாள் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. எத்தனையோ அப்பாக்கள் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நான் அதை மேசையில் போட்டுவிட்டு அதன் மேலேயே தலையை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன். நெற்றியில் மை ஒட்டியதாகப் பிறகு தெரிந்தது.

எழுந்து புதிதாக இன்னொரு படிவத்தைத் திறந்தேன். மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தது. பெயர், தேதி, அவளுடைய எண். ஓடிபி பொத்தானை அழுத்தினேன். அவள் போனுக்குப் போயிருக்கும். நான் கூப்பிடவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவள் பாடு. திரையில் நொடிகள் குறைந்து, நேரம் முடிந்தது. திரும்ப அனுப்பவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, இரண்டு பட்டா நகல் எடுத்துக் கொடுத்தேன். ஒருவருக்கு ஆதாரில் கதவு எண் மாற்றினேன். எந்த ஜோக்கும் வரவில்லை. ஒருவர் உடம்புக்கு என்னவென்று விசாரித்தார்.

ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. என் மகளின் விண்ணப்பப் புகைப்படம், போன வருடம் அந்த ஓசூர்க்காரர் எடுத்தது. கீழே ஒரு வரி: மறுபடி ஓடிபி அனுப்புப்பா.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் ஒரு நிழல் இல்லை. அளவு கச்சிதம். தலைமுடியைப் பின்னால் ஒதுக்கியிருந்தாள். இரண்டு காதும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பொறாமையாக இருந்தது. அவளுக்கும் எனக்கும் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று தெரியும். அதை வரிசையாகத் திறந்து காட்டவும் தெரியும்.

ஒன்றும் கேட்காமல் பொத்தானை அழுத்தினேன்.