கலரக்காவும் ரத்து பட்டனும்

என் அக்காவை அலுவலகத்தில் ‘கலரக்கா’ என்பார்கள். செயலியை ஜனங்கள் தடுமாறாமல் பயன்படுத்துகிறார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தடுமாறும் இடத்தைச் சரிசெய்வது அவள் வேலை. நாலாயிரம் பேர் இருக்கும் அந்தப் பெரிய கம்பெனிக்கு அது வர்ணம் பூசும் வேலையாகத்தான் தெரிந்தது. எட்டு வருஷத்தில் அவளை விளம்பரம், கணினி, வாடிக்கையாளர் சேவை என்று பிரிவு பிரிவாகப் பந்தாடினார்கள். போன இடமெல்லாம் "கொஞ்சம் அழகாக்கிக் குடுங்க" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரி முன்பதிவுக்கான செயலி ஒன்று வெளிவர இருந்தது. அக்கா பத்து நோயாளிகளை அழைத்து அதைக் கையில் கொடுத்துப் பார்த்தாள். முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் பட்டன் என்று நினைத்து ஏழு பேர் ‘ரத்து’ பட்டனை அழுத்தி, தங்கள் முன்பதிவையே ரத்து செய்துவிட்டார்கள். அதில் ஒருவர் கண் ஆபரேஷனுக்கு இரண்டு மாதமாகக் காத்திருந்த பஸ் டிரைவர். இது வெறும் ஒத்திகைதான் என்று அவரை நம்பவைப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. நிஜத்தில் முறை போனால் மறுபடி வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பட்டனை இடம் மாற்றினால் போதும். ஆனால் பட்டனின் நிறம் விளம்பரப் பிரிவுக்குச் சொந்தம், அதிலுள்ள வார்த்தை சட்டப் பிரிவுக்கு, இடம் கணினிப் பிரிவுக்கு. மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஆளுக்கொரு கூட்டம் போட்டு, பிஸ்கட் தின்று, அக்காவின் அறிக்கை பிரமாதம் என்று புகழ்ந்தார்கள். பட்டன் நகரவில்லை. செயலி வெளியானது.

அடுத்த மாதம் மேலாளர் எல்லோரையும் கூட்டி, திரையில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டினாராம். செயலியிலேயே அதிகம் பேர் அழுத்துவது ரத்து பட்டனைத்தானாம். ஜனங்களுக்கு அந்த வசதி அவ்வளவு பிடித்துப்போயிற்றாம். கைதட்டினார்களாம். தூ!

"அழுத்தினவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டுப் பாத்தீங்களா சார்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அதுக்குத்தானேம்மா உங்கள வச்சிருக்கோம்," என்றாராம் அவர். "இவ்வளவு பேர் தேடி வர்றாங்க. அதை இன்னும் கொஞ்சம் பெருசா, பளிச்சுன்னு பண்ணிடுங்க."

இதற்கு மட்டும் மூன்று கையெழுத்தும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன.

சொல்லிவிட்டு அக்கா சாப்பிடக் கை கழுவப் போனாள். நீ என்னடி செய்தாய் என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"பண்ணிக் குடுத்துட்டேன். நல்லா எடுப்பா வந்திருக்கு."

கூடப் பிறந்தவளைப் பார்த்து எனக்கு அன்றுதான் முதல்முறையாக அருவருப்பு வந்தது.