நட்சத்திரத்தை அழுத்தினால் இடம் கிடைக்காது

பழவேற்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். சான்றிதழ், பட்டா, ஆதார், கரன்ட் பில் என்று ஏரியைச் சுற்றியிருக்கும் சனங்கள் எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள். வந்து உட்காருவதற்கு முன்பே, "சீக்கிரம் முடிச்சு குடும்மா, கூடையில ஐஸ் உருகுது" என்பார்கள். ஐஸ் உருகுவதற்கு நானா பொறுப்பு?

நான் சேர்ந்தபோது அந்தக் கம்ப்யூட்டர்கள் குப்பைத்தொட்டியாகக் கிடந்தன. எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கி வைத்திருந்தார். பிரவுசரின் தலைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு டூல்பார். ஒன்று ராசிபலன் சொல்லும், ஒன்று புடவை தள்ளுபடியில் கிடைக்கிறது என்று மினுக்கும். மற்ற இரண்டும் எதற்கு என்று இன்றுவரை தெரியாது. மீதியிருந்த பாதி ஸ்க்ரீனில் விண்ணப்பம் ஒண்டிக்கொண்டிருந்தது. முதல் வாரமே நான்கையும் பிடுங்கி எறிந்தேன். ராசிபலன் எங்கே என்று கேட்டவர்களைக் கோயிலுக்குப் போகச் சொன்னேன்.

அடுத்து, பிரவுசரின் இடதுபக்கத்தில் திறந்துகொள்ளும் சைடுபாரை எப்போதும் திறந்தே இருக்கும்படி செய்தேன். தினமும் வேண்டிய பக்கங்களை புக்மார்க் போட்டு அதில் அடுக்கினேன். அரசாங்கப் பக்கங்களுக்கு இங்கிலீஷில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருக்கும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு 'சாதி', 'பட்டா', 'கரன்ட்', 'ரேஷன்' என்று தமிழில் எழுதினேன். காற்றைக் காட்டும் பக்கத்தை மட்டும் மேலே இருக்கும் புக்மார்க் பட்டையில் முதலாவதாக வைத்தேன். மீன்பிடிக்கத் தண்ணீருக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கவே காலையில் வாசலில் நிற்பார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் பெரிய ஸ்க்ரீனில் ஒருமுறை பார்த்தால்தான் நம்புவார்கள்.

ஒருநாள் யாரோ கீபோர்டில் கையை ஊன்றி சைடுபாரை மூடிவிட்டார்கள். பட்டாவுக்காக வந்திருந்த காட்டூர் விவசாயி ஒருவர் கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "எல்லாம் பூட்ச்சும்மா! என் பட்டா பூட்ச்சு!" கன்ட்ரோல் பொத்தானோடு பி-யைச் சேர்த்து அழுத்தினேன். சைடுபார் திரும்ப வந்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவர், "பொட்டியில இன்னாமோ பூச்சி கீது, உங்க ஓனராண்ட சொல்லு" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

இவர்களுக்குத்தான் புக்மார்க் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் ஒரு கோளாறு இருந்தது. அது தெரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

எங்கள் ஊர் தோணிரேவு. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே போய் வலை இறக்கினால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். இன்று இந்த இடம் இன்னாருக்கு, நாளை அடுத்தவருக்கு. முறை வந்தவன் காலையில் போய் ஒரு கழியை ஊன்றிவிட்டால் அன்றைக்கு அந்த இடம் அவனுடையது. வீட்டுக்கு வந்து சோறு தின்று, படுத்து எழுந்து, சாவகாசமாக வலையை எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கழியைத் தொட ஊரில் எவனுக்கும் தைரியம் வராது. தொட்டால் ஊர்க் கூட்டத்தில் நிற்கவேண்டும்.

புக்மார்க்கை விளக்கும்போது எனக்கு அதுதான் வாயில் வந்தது. முகவரி தெரியும் இடத்தின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைக் காட்டி, "இத்த அழுத்துனா கழி ஊன்ன மாதிரி. பக்கம் எங்கயும் போவாது. அப்புறமா வந்து பாத்துக்கலாம்" என்று சொன்னேன். அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னேன். எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமை.

என் அண்ணனும் அப்படித்தான் கற்றுக்கொண்டான். நாற்பத்தாறு வயது. ஏரியைத் தவிர வேறு தொழில் தெரியாது. முகத்துவாரம் மண்ணடித்துப்போய் ஏரியில் தண்ணீர் குறைந்ததிலிருந்து, அவன் வலையில் விழுவது வீட்டுக்குழம்புக்குக்கூடப் போதாத நாட்கள் இருந்தன. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். அவருடைய முதலாளிக்கு நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நகலை அனுப்பினால் விசா வரும். மூன்று பேரிடம் பாஸ்போர்ட் இருந்தது. நான்காவது ஆள் என் அண்ணன். அவனிடம் இல்லை. இந்த வயதில் இன்னொரு முதலாளி அவனைக் கூப்பிடப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கட்டணமும் கட்டினேன். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போவதற்குத் தேதியும் நேரமும் எடுப்பது மட்டும்தான் பாக்கி. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே ஓர் இடம் இருந்தது. அதை விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான்.

"செவ்வா போட்டுடட்டுமா?"

"இரு இரு. அன்னிக்கி எனக்குப் பாடு கீது. மழ பெஞ்சு இப்பதான் எறா ஏறுது. எவனாவது மொறைய மாத்திக்குவானானு கேட்டுட்டு வந்துடறேன்."

"மொதல்ல இத்த போட்டுட்டு அப்புறம் போய் கேளேன்."

"அவன் மாட்டேன்னுட்டா? அர மணி நேரத்துல வந்துடுவேன். சும்மா பேஜார் பண்ணாத."

போய்விட்டான். அந்த நேரம் பார்த்து ஓனர் என்னைப் பிரிண்டர் மை வாங்கிவரச் சொல்லிப் பொன்னேரிக்கு அனுப்பினார். பக்கத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"ஆளு கெடச்சானா?"

"எதிர்வூட்டுக்காரன் மாத்திக்கினான். இப்ப உன் பொட்டிக்கு முன்னாலதான் குந்திகினு கீறேன்."

"செவ்வா இன்னும் கீதா?"

"கீது கீது."

"அப்ப போட்டுடு."

மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டுட்டேன்" என்றான்.

"நல்லா பாத்தியா?"

"அட, போட்டுட்டேன்னு சொல்றேன்ல. சூப்பரா நீலமா மாறிச்சு."

நான் போனை வைத்துவிட்டேன். எது நீலமாக மாறியது என்று கேட்கவில்லை. உறுதி செய்தால் போனுக்கு மெசேஜ் வரும், வந்ததா என்றும் கேட்கவில்லை. ஊரான் விண்ணப்பம் என்றால் நான்கு முறை கேட்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மையத்தின் ஷட்டரைத் தூக்கும்போதே அண்ணனும் அண்ணியும் வந்து நின்றார்கள். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச்சட்டை. அண்ணி கையில் மஞ்சள்பை, அதற்குள் ஆதாரும் பள்ளிச் சான்றிதழும். அதே நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் அண்ணனுடைய இடத்தில் கழியை ஊன்றிக்கொண்டிருந்திருப்பார்.

"பிரின்ட் குடு. பஸ்ஸு வந்துடும்."

பாஸ்போர்ட் தளத்துக்குள் நுழைந்து பார்த்தேன். நேரம் எதுவும் எடுக்கப்படவில்லை என்று இருந்தது. ஒருமுறை வெளியே வந்து திரும்ப நுழைந்தேன். அதேதான்.

"இன்னா போட்டுகீது?" என்று அண்ணி கேட்டாள்.

"உம் புருஷன் நேரமே எடுக்கலன்னு போட்டுகீது."

"எடுத்தேன்" என்றான் அண்ணன். சைடுபாரில் கடைசி வரியின்மேல் விரலை வைத்தான். "தோ, இங்க கீது பார்."

'ரேஷன்' என்பதற்குக் கீழே, இங்கிலீஷில் ஒரு முழ நீளத்தில், நான் பெயர் மாற்றாத ஒரு புக்மார்க் இருந்தது. நான்கு நாளாக என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அவன் அதை அழுத்தினான். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வெறும் முகப்புப் பக்கம் வந்து நின்றது.

"ஸ்டாரையா அழுத்துன?"

"நீதான சொன்ன, கழி ஊன்ன மாதிரின்னு. செவ்வாயத் தொட்டேன், கழிய ஊன்னேன், நீலமாச்சு, கெளம்பி வந்தேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உனக்கு மூளன்னு ஒண்ணு கீதா? கீழ அம்மாம் பெரிய பொத்தான் இருந்துச்சே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"கீழ இருந்தா எனக்கு எப்டித் தெரியும்? மேலதான் ஸ்டார் தெரிஞ்சுது. நீ பொத்தானப் பத்தி இன்னிக்கிதான் வாயத் தொறக்கற."

அண்ணி மஞ்சள்பையை மேஜைமேல் வைத்தாள். "நல்லா கீது உங்க குடும்பம். ஏரியில ஊன்ற கழிய பொட்டியில கொண்டாந்து ஊன்னாரு இவுரு. ஊன்னச் சொல்லிக்குடுத்த டீச்சரம்மா பொன்னேரிக்குப் போய்ட்டாங்க."

நான் சைடுபாரை ஹிஸ்டரிக்கு மாற்றினேன். எந்த நாள் எந்தப் பக்கம் திறந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். அன்றைக்கு நேரம் எடுக்கும் பக்கம் வரை வந்திருக்கிறான். உறுதிசெய்த பக்கம் இல்லை. அதற்கு அடுத்த வரி யாரோ கரன்ட் பில் கட்டியது. அண்ணன் அந்தப் பட்டியலை என் தோளுக்கு மேலிருந்து பார்த்தான்.

"அப்ப என் எடத்த எவன் எடுத்தான்?"

"எவனோ. எந்த ஊர்க்காரனோ."

"கழி கீதே. கழி இருக்கசொல்ல எப்டி எடுப்பான்?"

அவன் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரே பக்கத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் நட்சத்திரம் அழுத்தலாம், ஒருவன் அழுத்தியது இன்னொருவனுக்குத் தெரியாது, புக்மார்க் பக்கத்தின் முகவரியை மட்டும்தான் குறித்துவைக்கும், பக்கத்துக்குள் இருக்கும் எதையும் யாருக்காகவும் பிடித்துவைக்காது. இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். ஏழு வருடத்தில் ஒருவருக்கும் அந்த இரண்டு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. கழி என்று சொல்லி எல்லோரையும் சீக்கிரம் எழுப்பி அனுப்பினேன்.

அன்று முழுக்க அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். யாராவது ரத்து செய்தால் இடம் காலியாகும். பக்கத்து ஊர்களின் அலுவலகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பின்னால் சனங்கள் சேர்ந்துவிட்டார்கள். ஐஸ் உருகுகிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். உருகட்டும் என்று கத்தினேன். மத்தியானம் வியாழக்கிழமைக்கு ஓர் இடம் காட்டியது. கீழே இருந்த பொத்தானை அழுத்துவதற்குள் போய்விட்டது. அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எவனோ ஒருத்தன் நம்மைவிட வேகமான ஆள் என்று மட்டும் சொன்னான். கடைசியில் மூன்று வாரம் தள்ளி இருந்த தேதியைத்தான் எடுத்தோம். இந்தமுறை உறுதிசெய்யும் பொத்தானை அவனையே அழுத்தவைத்தேன். மெசேஜ் வந்தது. வளைகுடாவிலிருந்த ஊர்க்காரருக்கு போன் போட்டபோது, அவர் முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, முதலாளி காத்திருக்கமாட்டாராம் என்றார். நான்காவது ஆளை வேறு ஊரில் பிடித்துவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை எதிர்வீட்டுக்காரர் அண்ணன் வீட்டுக்கு ஒரு பை இறால் கொடுத்தனுப்பினார். அண்ணனுடைய இடத்தில் அந்த வருடத்திலேயே அதிகமாக இறால் பட்டது அன்றைக்குத்தான். அண்ணி அதைக் குழம்பு வைத்தாள். நானும் தின்றேன்.

பாஸ்போர்ட் பிறகு வந்தது. பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. மூன்று பேர் போய்விட்டார்கள். அண்ணன் ஏரிக்குத்தான் போகிறான். தப்பு என்னுடையதுதான் என்று அவனிடம் நான் சொன்னதில்லை. அவனைத்தான் திட்டினேன், அண்ணிக்கு முன்னால் திட்டினேன். இங்கே எழுதிவைக்கிறேன். அவன் இதைப் படிக்கப்போவதில்லை.

இப்போது யாருக்கும் கழி என்று சொல்வதில்லை. சைடுபாரின் உச்சியில் ஒரு ஃபோல்டர் வைத்து, 'இது பக்கம் மட்டும், பதிவு இல்லை' என்று பெயர் கொடுத்திருக்கிறேன். சைடுபாரில் நான் அடுக்கிய எல்லா புக்மார்க்கும் அதற்குள்தான். சில பேர் படிக்கிறார்கள். பல பேர் என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன், ஐஸ் உருகினாலும் பரவாயில்லை.

அண்ணனுடைய புக்மார்க்கை மட்டும் நான் அழிக்கவில்லை. மற்ற மூன்று பேரும் விமானம் ஏறிய வாரத்தில் ஒருநாள் காலையில் வந்தான். லுங்கி, ஈரமான கால்.

"அது இன்னும் கீதா?"

"கீது. எடுத்துடட்டுமா?"

"நீ தொடாத. ஊன்னவன்தான் புடுங்கணும். எப்டினு மட்டும் சொல்லு."

மவுஸின் வலது பொத்தானைக் காட்டினேன். பட்டியல் விரிந்தது. அழிக்கும் வரி எங்கே என்று மேலிருந்து தேடினான், பிறகு கீழேயும் தேடினான். கண்டுபிடித்து அழுத்தினான். வரி போய்விட்டது. அந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "காத்தப் போடு" என்றான். மேல்பட்டையில் முதல் புக்மார்க்கை அழுத்தினேன். வாடைக்காற்று, பத்துமணிக்குமேல் தணியும் என்று காட்டியது. அன்று அவனுக்குப் பாடு. கிளம்பிப் போனான்.