கோணியில் மிஞ்சிய கூம்பு

துளசிங்கம் மேஸ்திரி கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே கோணியில் பரப்புவார். அந்தக் கோணியை யாரும் தாண்டக்கூடாது. மாட்டும்போது கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். கோணி காலியாகும்வரை வெற்றிலை போடமாட்டார். போட்டால் கவனம் வாய்க்குப் போய்விடுமாம்.

திருத்தணி மலையடிவாரத்துப் புளியமர நிழல்தான் அவருடைய பட்டறை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் விற்றுத் தள்ளிய லாரிகளில் பாதி அவர் கைக்குத்தான் வருகின்றன. டிரைவர் குறை சொல்ல வாயெடுத்தால், "நீ சும்மா இரு. வண்டி சொல்லட்டும்" என்று அடியில் போய்ப் படுத்துவிடுவார்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் நான் போனபோது வேலை முடிந்திருந்தது. வெற்றிலைப் பை மட்டும் திறக்கவில்லை. அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் காவடியோடு வந்த லாரி அது. பிரேக் குழாயில் ஓட்டை விழுந்திருந்ததால் வேறு குழாய் மாட்டியிருந்தார். ஆனால் கோணியில் ஒரு சாமான் மிஞ்சிக் கிடந்தது: பழைய குழாயைக் கழற்றியபோது சேற்றுக் கட்டியோடு விழுந்த சிறிய இரும்புக் கூம்பு.

"ஒண்ணு ரெண்டு மிஞ்சறதுதான் மேஸ்திரி. கடாசிட்டு வண்டிய உடு" என்றான் டிரைவர் பரந்தாமன்.

"மிஞ்சறதுக்கு இது இன்னா கல்யாணச் சோறா? பிரேக்குடா. இத்தினி பேரு குழந்த குட்டியோட ஏறணும். இது இன்னான்னு தெரியாம வண்டி நகராது."

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார், மாட்டினார். கூம்பு மறுபடியும் மிஞ்சியது. மேஸ்திரியின் முகம் கறுத்துவிட்டது. "எங்கியோ ஒரு எடம் இதுக்காகக் காலியா கீது. என் கண்ணுக்குத்தான் தெரியல" என்றார்.

மரத்தடியில் காத்திருந்தவர்களில் கெங்கம்மாள் என்ற நெசவுக்காரி எழுந்து வந்தாள். "வண்டி இன்னிக்குப் போவுமா நைனா?" என்று கேட்டவள், குனிந்து கூம்பை எடுத்துவிட்டாள்.

"அய்ய! இது எங்க நாடாவோட மூக்காச்சே!"

தறியில் இப்படியும் அப்படியும் ஓடிக் குறுக்கு நூல் போடும் நாடாவின் நுனியில் செருகும் இரும்பு அது.

"போன மாசம் இந்த வண்டியிலதான் தறிய ஏத்தினு போனோம். நாடா ஒடஞ்சி மூக்கக் காணோம்னு எங்க வூட்டுக்காரர் என்னத் திட்டிக்கினே இருந்தாரு."

மேஸ்திரி உடனே நம்பிவிடவில்லை. லாரியின் தளப் பலகையில் இருந்த இடுக்கைப் பார்த்தார். பிறகு பழைய குழாயை எடுத்து, கூம்பின் முனையை அதன் ஓட்டையில் வைத்தார். அச்சுப் போல் பொருந்தியது. பலகை இடுக்கில் விழுந்து, குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, அசைந்து அசைந்து துளைத்திருக்கிறது.

"அடப்பாவி, நீதானா?" என்று கூம்பைப் பார்த்துச் சிரித்தார். அதைக் கெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கோணியை உதறி மடித்தார்.

வெறும் லாரியை மேட்டிலிருந்து இறக்கிக் காட்டச் சொன்னார். பரந்தாமன் இறக்கிக்கொண்டு வந்தபோது, வண்டி வரும் வழியிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யோவ் மேஸ்திரி, தள்ளிக்கய்யா!"

ஒரு முழம் இருக்கும்போது லாரி நின்றது. மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வெற்றிலைக்கு நிதானமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.