ஒருவர்க்கான பாய்

என் வதிவிட அனுமதி இனிப் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம் வந்தபோது, ஆரையம்பதியில் என் மனைவியின் வீட்டில் நான் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தேன். நாகைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்புப் பள்ளியொன்றுக்குத் தமிழ் கற்பிக்கச் சென்றவன் நான். குடியுரிமைக்கான விண்ணப்பம் அதற்கு முன்பே மறுக்கப்பட்டிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் போன்றோர் பலர்க்கு நேர்ந்தது அது. ஒரு திங்களுக்குள் நான் கப்பலேற வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் என்னுடன் வருவாளா என்ற ஒன்றுதான் தெரியாமலிருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மணமகன் அங்கே குடிபுகுவான். அவ்வாறு புகுந்தவன் நான்.

ஒரு காலையில் அவள் சொன்னாள்:

"ஒன்பது வரியமா இஞ்ச இருக்கிறீங்க, வாகரைக் கடலக் காணல்ல. இப்ப வெளிநாட்டுக்காரர்தானே. வெளிநாட்டுக்காரர் மாதிரி ஒருக்காச் சுத்திப் பாத்திட்டுப் போங்களன்."

"நீயும் வர்றியா?"

"நான் வராம ஆரு காட்டுற?"

அந்த விடையை நான் அதன் அளவுக்கு மேல் பெரிதாக எடுத்துக்கொண்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு நாள் வரத் துணிந்தவள், கடல் கடந்தும் வரக்கூடும் என்று எண்ணினேன்.

சக ஆசிரியர் ஒருவர் தம் மொறிஸ் மைனர் காரை இரவல் தந்தார். ஒரு நாளில் போய் மீளக்கூடிய தொலைவை நாங்கள் நிறுத்தி நிறுத்திக் கடந்தோம். தன்னாமுனையில் ஒரு வீட்டு வாசலில் அவள் பன்புல்லால் இழைத்த பன்பாய் ஒன்றை விலைபேசி வாங்கிச் சுருட்டிக் கட்டினாள். கல்குடாவில் வாடிவீடு என்னும் பயணியர் விடுதியில் இரண்டு இரவு தங்கினோம்; புறப்படுகையில் கருவாடு வாங்கினாள். பின்னர் ஒரு போத்தல் தேன். என் தாய்க்கு அன்பளிப்பாகக் கொண்டுவருவதற்கே இவற்றைச் சேர்க்கிறாள் என்று நினைத்தேன். அந்நினைவு தந்த களிப்பில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

வாகரைக்கு முன், களப்பு எனப்படும் கடற்கழியின் குறுக்கே பாலம் இல்லை. 'பாதை' என்று அவ்வூரார் சொல்லும் மிதவையில் காரை ஏற்றிக் கடத்துவார்கள். பாதைக்காரர் வாய் ஓயாதவர்.

"என்னகா புள்ள, மாப்பிள்ளைய எங்க கொண்டு போறாய்?"

"ஊர் காட்டப் போறன்."

அவர் என் ஊரை விசாரித்தார். நாகப்பட்டினம் என்றேன்.

"மட்டக்களப்பில பாயோட ஒட்டிப்போடுவாளுகள் எண்டு அங்க ஒருத்தரும் சொல்லல்லையா மாஸ்டர்? இனி எங்க போற?"

அங்குள்ள பெண்கள் மந்திரத்தால் கணவனைப் பாயோடு ஒட்டவைத்து ஊர் திரும்பவிடார் என்பது வெளியூராரின் பழங்கேலி. நான் உரக்கச் சிரித்தேன். ஒட்டவைத்தவள் ஒட்டியவனைத் தனியே விடமாட்டாள் என்று எனக்குப் பட்டது. அவள் சிரிக்கவில்லை, நீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாகரையில் கடலோரத்து மரநிழலில் அவள் பாயை அவிழ்த்து விரித்தாள். அகலம் ஒருவர் படுக்கப் போதுமானது. அவள் மணலில் அமர்ந்தாள்.

"நீங்க இருங்க. உங்களுக்கெண்டுதானே வாங்கின."

கருவாடும் தேனும் எனக்கென்றே வாங்கியவை என்பது அப்போதுதான் விளங்கியது. ஒன்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவனுக்கு, கேட்கவேண்டிய வினா மூன்று சொல்லாகத்தான் வந்தது.

"நீ வரல்லையா, அப்ப?"

அவள் நெடுநேரம் மணலைக் கிளறினாள்.

"அங்க நான் ஆர்ட வீட்டில இருக்கிற?"

"என் வீட்டில்."

"உங்கட அண்ணர்ர வீட்டில," என்றாள், குரலை உயர்த்தாமல்.

அவள் சொன்னது உண்மை, ஊரில் வீடு அண்ணனுடையது. சுவரில் ஓர் ஆணி அறைவதற்கும் ஒருவரைக் கேட்டு நிற்பது எத்தகையது என்பதை ஒன்பது ஆண்டுகள் அறிந்திருந்தேன். பிறர் எவரும் என்னைக் குறை சொன்னதில்லை, ஆயினும் அறிந்திருந்தேன். அதை அவளுக்கு விதிக்க என்னால் இயலவில்லை. வேறு வழி ஏதேனும் உண்டா என்று அங்கேயே தேடினேன், இன்றளவும் கிடைக்கவில்லை.

இன்னும் ஒரு நாள் எஞ்சியிருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். அவள் இசையவில்லை. ஒவ்வொரு துறையிலும் காரை நிறுத்தச் சொல்லி, இது இன்ன மீன், அது இன்ன பறவை என்று வழுவாமல் காட்டிக்கொண்டே வந்தாள். அந்நாளைப் போல் நீண்ட நாளை நான் கண்டதில்லை.

பாதைக்காரர் மறுபடியும் கேட்டார்: "என்ன மாஸ்டர், ஒட்டு விடல்லையே?"

"இல்லை" என்றேன்.

ஆரையம்பதியை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் இறங்கி வேலிப் படலையைத் திறந்தாள். நான் காரிலேயே இருந்தேன். அவள் திரும்பி வந்து, சாளரத்தருகே குனிந்து, "வாங்க" என்றாள்.

வீட்டுக்காரனை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை, விருந்தினரையே அழைப்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் அவள் அச்சொல்லை அந்தப் படலையில் நின்று எனக்குச் சொன்னதில்லை.

பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.