கழலும் கூரை

இன்று காலை சிக்னலில் நின்றபோது எனக்கு முன்னால் அரை வகுப்பறை நின்றது. நீளமான லொறியில், ஜன்னல், பலகை எல்லாவற்றோடும். மற்றப் பாதி பின்னால் வந்த லொறியில் இருந்தது. மெல்பேணின் மேற்குப் பக்கம் வெறும் புல்வெளியாகக் கிடந்ததெல்லாம் வீடாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் பள்ளிக்கூடத்தையே கழற்றிப் பூட்டும்படி கட்டுகிறார்கள். அந்தக் கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. பக்கத்துக் காரிலிருந்த பிள்ளைகள் வகுப்பறையைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார்கள். வீடு வாகனத்தில் ஏறிப் போவதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு கிளிநொச்சியும் இப்படித்தான் கண்டபடி வளர்ந்தது. போன கிழமை வெறுங்காணி, இந்தக் கிழமை சைக்கிள் கடை. எந்தப் பக்கம் பெருகும் என்று தெரியாததால் நான் எல்லா வீட்டுக்கும் பிறகு மேல்மாடி ஏற்றக்கூடியதாகவே படம் கீறினேன். பரந்தனில் காணி வைத்திருந்த செல்வமணி அக்காவுக்கும் அதைத்தான் சொன்னேன். அவர் மலையகத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து சிறுவயதில் வன்னிக்கு வந்தவர். வந்த பிறகும் பலமுறை வீட்டை விட்டு ஓடியவர்.

"ஊர் வளருது அக்கா. கூரைக்குக் கொங்கிறீட் போட்டால் பிறகு மேல கட்டலாம்."

"வளரட்டும் தங்கச்சி. எனக்குக் கூரை கழட்டக்கூடியதா இருக்கோணும். ஆணி வேண்டாம், போல்ட்டும் நட்டும் போடுங்கோ."

"சமாதானம் வந்திட்டுதெல்லோ?"

"ஓம், வந்திட்டுது. அதுவும் இருக்கட்டும், நட்டும் இருக்கட்டும்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் கூரையின் கைமரம் ஒவ்வொன்றையும் உள்ளே நின்றபடியே கழற்றக்கூடியதாகக் கீறிக் கொடுத்தேன். பிறகு கலியாணம் முடித்து இங்கே வந்துவிட்டேன்.

2008 கடைசியில், சண்டை பரந்தனை நெருங்கியபோது, அக்கா தொலைபேசி எடுத்தார். "கூரையைக் கழட்டி உழவு மெசின் பெட்டியில ஏத்திப்போட்டம் தங்கச்சி. அரை நாள்கூட எடுக்கேல்லை," என்றார், என்னை மெச்சுகிற குரலில். விசுவமடுவில் அதே கூரையைத் திரும்பப் பூட்டினார்களாம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கதையும் இல்லை. மாதக் கணக்காக வேலைக்குப் போனேன், வந்தேன், செய்தி பார்த்தேன். அக்கா உயிரோடு இருக்கிறாரா என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

அந்த நாட்களில் என் மேலதிகாரி கிராண்ட் நான் கீறிய வகுப்பறைக் கூரையை வியந்து பார்த்தார்.

"இவ்வளவு சுலபமாகக் கழற்றும்படி கீற எங்கே பழகினாய்?"

"என் ஊரில்."

"அவ்வளவு வேகமாக வளர்ந்த ஊரா?"

"யெஸ்," என்றேன். அவர் திருப்தியோடு போய்விட்டார். மிச்சத்தை விளக்க எனக்குத் தெம்பில்லை.

சண்டை முடிந்து, போன கிழமை, வவுனியா அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் அக்கா பேசினார். இரண்டு பேரும் அழுதோம். பிறகு, புத்தி கெட்டவள் நான், கூரையைப் பற்றிக் கேட்டேன்.

"விசுவமடுவில திரும்பக் கழட்டின கூரையை வழியில விட்டிட்டம். நட்டுப் பை கையில இருந்தது, அதோட வந்திட்டன். இப்ப தறப்பாள் கூடாரத்துக்குள்ள, தலைமாட்டில வைச்சிருக்கிறன். படம் உங்களிட்ட இருக்கெல்லோ?"

"இருக்கு அக்கா."

"கவனமா வையுங்கோ. திரும்பக் கட்டேக்க வேணும்."

இன்று வகுப்பறைப் படத்தை ஒதுக்கிவிட்டு அந்தப் பழைய படத்தை மேசையில் விரித்தேன். சுவர் பரந்தனில் நிற்கிறதோ தெரியாது. நட்டுகள் வவுனியாவில், அக்காவின் தலைமாட்டில். கூரை இங்கே, என் கைக்குக் கீழே, தாளாக.