கிணற்றுக்கு எழுதிய கார்டு

கிணற்றுக்கு நன்றி சொல்லிக் கார்டு வந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. வெயிலில் அலைந்ததால் என்றாள் அம்மா. கொய்யாக்காய் தின்றதால் என்றாள் அத்தை. எனக்கல்லவா தெரியும். அது பொறாமைக் காய்ச்சல். என் அக்கா படித்த படிப்பில்கூட அதற்கு மருந்து இருந்திருக்காது.

அக்கா மதுரையில் மருந்து தயாரிக்கிற படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அறுபதுகளின் தொடக்கம். இலுப்பூரில் எங்கள் தெருவுக்குக் கம்பவுண்டர் படிப்பு என்று சொன்னால்தான் விளங்கும். அக்கா ‘பார்மசி’ என்று திருத்துவாள். தெரு தலையாட்டிக் கேட்டுக்கொண்டு மறுபடியும் கம்பவுண்டர் என்றே சொல்லும். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். விடுதிக்குப் போன முதல் மாதம் முழுக்க அழுதிருக்கிறாள். அழுகிற பிள்ளைகளுக்கு வார்டனம்மா ஒரு வழி சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒரு கார்டு எழுது. அதில் ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு காரியத்துக்கு நன்றி சொல். அடுத்த ஞாயிறு வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு படி. அக்கா பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கார்டு வரும். அப்பா கடலைக்காய் வியாபாரி. கார்டு வந்தால் தராசு அப்படியே தொங்கும். மூட்டை கொண்டுவந்தவர்களும் கேட்கட்டும் என்று கூட்டத்தில் பேசுகிற குரலில் வாசிப்பார். முதல் கார்டு அவருக்கு, விராலிமலையில் வண்டி மாறும்போது மதுரை பஸ்ஸில் முண்டியடித்து இடம் பிடித்துக் கொடுத்ததற்காக. இரண்டாவது அம்மாவுக்கு, புளிக்காய்ச்சலுக்காக. மூன்றாவது எங்களோடு இருந்த அத்தைக்கு, வெள்ளைக் கோட்டில் கறுப்பு நூலால் தைத்துத் தந்த பொத்தானுக்காக. நான்காவது தபால்காரருக்கே வந்தது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் இரண்டு செம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். ஐந்தாவது செவலைப் பசுவுக்கு.

ஆறாவதாகக் கிணறு. ‘விடுதித் தண்ணீர் உப்பு. நம் கிணற்றுக்கு என் நன்றியைச் சொல்லவும்.’ அப்பா நிஜமாகவே எழுந்து போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குள் குனிந்து சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கிணற்றில் தினமும் விடியற்காலையில் தண்ணீர் இறைத்தவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. கயிறு அறுத்த கோடு உள்ளங்கையில் இருந்தது. அந்தக் கையை யார் பார்த்தார்கள். பசுவுக்குப் புல் அறுத்தது நான். அத்தைக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான். அது கறுப்பு நூல் என்பது என் பிழையா, அத்தையின் கண்ணின் பிழையா என்பது வேறு விஷயம். அப்புறம் வந்த கார்டுகள் அம்மி, திண்ணை, முருங்கை மரம் என்று போயின. வீட்டில் நன்றி வாங்காமல் மிச்சமிருந்தது நானும் கோழிக்கூடும்தான். அடுத்தது கோழிக்கூடாக இருந்துவிடுமோ என்று பயந்தபடி ஒவ்வொரு செவ்வாயும் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்று நின்று கால் தேய்ந்தது. பொறாமை என்பது உட்கார விடாத சங்கதி. ஐம்பதை நெருங்குகிற இந்த வயதிலும் அது என்னை உட்கார விட்டதில்லை.

பொங்கல் லீவுக்கு அக்கா வந்தாள். முட்டை அவள் தட்டுக்குப் போயிற்று. தயிரின் ஏடு போயிற்று. அப்பாவின் நாற்காலி போயிற்று. நெல் குதிர் இருந்த சின்ன அறையில் ஆறு மாதமாக நான் ராணி மாதிரிப் படுத்த பாயில் பாதி போயிற்று. அம்மாவின் பேச்சு முழுவதும் போயிற்று. ‘மெலிஞ்சிட்டா, மெலிஞ்சிட்டா’ என்பதைத் தவிர அம்மா அந்தப் பத்து நாளும் வேறு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

அக்கா மெலிந்ததற்குக் காரணம் இருந்தது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பால் மாதிரி ஆக்குகிற மருந்து ஒன்று உண்டு. எமல்ஷன் என்பார்கள். பிசின் பொடியை மருந்து அரைக்கிற கல்வத்தில் போட்டு, எண்ணெய் விட்டு, அளவாகத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, ஒரே பக்கமாக விடாமல் அரைக்க வேண்டும். அரைபடுகிற சத்தம் மாறி, வெள்ளை வெளேரென்று திரண்டு வந்தால் மருந்து நின்றது என்று அர்த்தம். எண்ணெய் தனியே மிதந்தால் உடைந்தது. அக்காவுக்கு உடைந்துகொண்டே இருந்தது. வகுப்பில் பையன்கள் பார்த்திருக்க ஆசிரியர் அவளுடையதை மட்டும் சாக்கடையில் கொட்டினாராம். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

கடலை எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் பிசின் பொறுக்கி வருவது என் வேலையாயிற்று. குதிகாலில் முள் தைக்கத் தைக்கப் பொறுக்கினேன். அன்பினால் அல்ல, ஒரு கார்டுக்காக. அக்கா அத்தையின் கல்வத்தை மடியில் இடுக்கிக்கொண்டு காலையிலிருந்து அரைத்தாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, மோரு கடையத்தான் மதுரைக்குப் போனியா. இங்கிட்டே மத்து இருக்கே.”

“ஒங்களுக்கு வெளங்காது அத்தை.”

“எண்ணெ மெதக்கிறது கூடவா வெளங்காது எனக்கு. இதத் தாளிக்கவாச்சும் குடுடி.”

அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

லீவு முடிவதற்கு முதல் நாள் கண்மாய்க்கரைக்கு அவளும் என்னோடு வந்தாள். பிசின் பொறுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் போகலடி.”

“எங்கிட்டு?”

“மதுரைக்குத்தான். காலைல அப்பாகிட்டச் சொல்லிரப்போறேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறந்துறாத.”

“அப்ப இங்கிட்டேயா இருப்ப?”

“ஆமா. ஒங்கூடத்தான்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“எப்பவுந்தான்.”

சொல்லிவிட்டு என் தோளில் கையைப் போட்டாள். அந்தக் கை எவ்வளவு கனம். முட்டையும் ஏடும் நாற்காலியும் பாதிப் பாயும் சேர்ந்த கனம். எப்பவுந்தான் என்கிறாளே. அவள் மதுரையில் இருந்தால் வாரத்துக்கு ஒரு செவ்வாய்தான் அவளுக்கு, மற்ற ஆறு நாளும் எனக்கு. இங்கேயே இருந்துவிட்டால் ஏழும் அவளுக்கு. கார்டும் வராது. எனக்கு வரவேண்டிய நன்றி வராமலே போய்விடும்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். கோட்டை வைத்தேன். புத்தகங்களை வைத்தேன். கை நிற்கவில்லை. குதிருக்குப் பின்னால் கிடந்த அவளுடைய பழைய சிலேட்டை வைத்தேன். ஆணியில் தொங்கிய ரிப்பனை, பல் போன சீப்பை, மை காய்ந்த பேனாவை வைத்தேன். என் வயதில் அவள் கட்டிய அரக்குப் பாவாடை எனக்கென்று எடுத்து வைத்திருந்தது. அதையும் மடித்து வைத்தேன். சுவரில் சோறு தடவி அவள் ஒட்டியிருந்த காலண்டர் மயில் படத்தை நகத்தால் கீறிக் கிழியாமல் உரித்து மேலே வைத்தேன். மூடி மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினேன். பிறகு இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

“என்னாத்தா, இம்புட்டு வெள்ளனவே கெளம்பிட்டாளா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா. எட்டு மணி பஸ்ஸுக்கே போகணுமாம். பெட்டிய எடுத்து வைக்கச் சொன்னா.”

கடலை மூட்டைக்கே ஆள் கூப்பிடுகிற அப்பா அந்தப் பெட்டியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். “மக மதுரைக்குப் போறா. அங்கிட்டுப் படிப்பு ரொம்பக் கடுசுங்க.” அம்மா கட்டுச்சோற்றோடு பின்னால் ஓடினாள். ஈரத் தலையோடு அக்கா வந்து சேர்ந்தபோது பெட்டி பஸ்ஸின் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“அப்பா, நான் வந்து...”

“பேச நேரமில்லாத்தா. ஏறு ஏறு. சன்னலோரமாச் சொல்லி வச்சிருக்கேன்.”

அவள் அப்பாவின் தோளைப் பார்த்தாள். பெட்டி அழுத்திய இடத்தில் சட்டை சுருங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் குதிகாலைத் தூக்கி முள் இருக்கிறதா என்று தேடினேன். பஸ் கிளம்பியது.

அடுத்த செவ்வாய் கார்டு வரவில்லை. எனக்கு நிம்மதி. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. தபால்காரர் தானே ஏதோ தப்புச் செய்தவர் போலத் தெருவின் எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போனார். அம்மா சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டாள். அப்பா இரண்டு முறை எடையைத் தவறாகச் சொன்னார். மூன்றாவது வாரம், திங்கட்கிழமையே வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். நாளையும் வரவில்லை என்றால் மதுரைக்குப் போவது என்று முடிவு. அவர் போனால் அக்கா சொல்வாள். சொன்னால் என் தோல் உரியும். அந்த ஒரு நாள் நான் யாரும் கேட்காமலே வாசல் தெளித்தேன், பசுவுக்குத் தவிடு கரைத்தேன், அத்தைக்குக் கால் அமுக்கினேன்.

கார்டு வந்தது. அப்பா தராசைக் கீழே வைத்தார்.

‘பால்மருந்து உடையாமல் நின்றுவிட்டது. நேற்று அரைத்ததை ஆசிரியர் கொட்டவில்லை. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மற்றவர்களுக்குக் காட்டினார். இந்த வாரம் சின்னவளுக்கு நன்றி. என் பெட்டியை அவள்தான் அடுக்கினாள். ஒன்றுகூட விடவில்லை. சிலேட்டு, சீப்பு, சுவரில் இருந்த மயில் வரைக்கும் எடுத்து வைத்திருக்கிறாள். அந்த அறையில் எனக்கென்று இனி எதுவும் இல்லை என்று இங்கே வந்து திறந்தபோதுதான் தெரிந்தது. அதனால் இங்கேயே மனதை வைத்துப் படிக்கிறேன். அவளுக்கு நான் நன்றி சொன்னேன் என்று மறக்காமல் சொல்லவும்.’

அப்பா இரண்டு முறை வாசித்தார். இரண்டாம் முறை இன்னும் உரக்க. “பாத்தியா, நம்ம சின்னவளுக்கு எம்புட்டுப் பொறுப்புன்னு.”

“இவளா அடுக்குனா?” என்றாள் அத்தை. “படுத்த பாயச் சுருட்டத் தெரியாது இவளுக்கு.”

அம்மா கார்டை வாங்கி எழுத்தை விரலால் தடவினாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெருமையாகப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. எனக்குக் கார்டு நிறைய. விலாசம் எழுதுகிற பக்கத்திலும் கொஞ்சம் வழிந்திருந்தது. தெருவில் நாலைந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்காவை நன்றாக ஏமாற்றிவிட்டோம், மதுரையில் படித்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அத்தனை சந்தோஷம் எனக்கு.

அன்று மதியம் அறைக்குப் போய்ப் பாயை முழுக்க விரித்து, கைகாலை நான்கு திசைக்கும் நீட்டிப் படுத்தேன். மூடாத கார்டில், தெருவே கேட்கும்படி, ஒருத்தி காதில் மட்டும் விழுகிற மாதிரி ஒன்றை எழுத முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அது நன்றியாகவும் இருக்கலாம், அழுகையாகவும் இருக்கலாம், இரண்டும் பிரியாமல் சேர்ந்தும் இருக்கலாம் என்பதும் தெரியாது. சுவரில் மயில் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அறை எதற்கு இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று பிடிபடவில்லை. எழுந்து பாயைப் பாதியாக மடித்து, சுவரோரம் ஒட்டிப் படுத்துக்கொண்டேன்.